பதினோரு மாதம் தூங்கும் சரக்கு: நைஜரின் பயறுப் பைகள்

முதலில் வெளிச்சாக்கின் கயிறு. அதை அவிழ்த்து வாயை மடித்துவிட்டால், உள்ளே முறுக்கி வளைத்து இறுகக் கட்டிய பாலிதீன் கழுத்து ஒன்று தெரியும். அதையும் அவிழ்த்தால் அதற்குள் அதே போல இன்னொன்று. மூன்றாவது முடிச்சு அவிழும்போது சுற்றி நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பயறுக்குச் சொந்தக்காரர் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவார். துளை இல்லை, மாவு இல்லை, ஊர்கிற வண்டு இல்லை. நான்கைந்து மாதங்களுக்கு முன் ஊரார் கண்ணெதிரே கட்டி வைத்த பயறு, கட்டிய அன்று இருந்தபடியே இருக்கிறது.

நைஜரின் தென்பகுதி கிராமங்களில் 2007-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மருந்து போடாமல் பயறைக் காக்கும் இத்தகைய மூன்றடுக்குப் பைகளின் திறப்புகள் சிறு திருவிழா போல நடந்தன. ஊர்த் தலைவர் வருவார், வானொலிக்காரர் வருவார், பெண்கள் அந்தப் பயறை அங்கேயே சமைத்துப் பரிமாறுவதும் உண்டு. இதே காட்சி மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பத்து நாடுகளில் பல்லாயிரம் ஊர்களில் நடந்தேறியது. வேளாண் விரிவாக்கத்தில் இவ்வளவு நேர்மையான விளம்பரம் அபூர்வம். யாரும் எதையும் நம்பச் சொல்லவில்லை. மூட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள், திரும்பி வந்து அவிழ்த்தார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்த விழாவின் மறுநாளைப் பற்றியது. பையைப் பார்த்து மனம் மாறிய உழவர் அடுத்த அறுவடையில் காசோடு சந்தைக்குப் போகிறார். பை அங்கே இருக்கிறதா?

பயறும் வண்டும்

தட்டைப்பயறு என்றோ காராமணி என்றோ நாம் சொல்லும் பயறுதான் நைஜரின் உழவருக்குக் கைக்காசு. ஹவுசா மொழியில் அதன் பெயர் வாகே, பிரெஞ்சில் நியேபே. உலகில் இதை மிக அதிகமாக விளைவிக்கும் நாடு நைஜீரியா, அடுத்தது நைஜர். கம்பும் சோளமும் வீட்டுக்கு, வாகே சந்தைக்கு. செப்டம்பர், அக்டோபரில் எல்லோரும் ஒரே நேரத்தில் அறுவடை செய்து ஒரே நேரத்தில் விற்பதால் விலை தரையில் கிடக்கும். அடுத்த மழை தொடங்கி, பழைய தானியம் தீர்ந்து, புதியது வராத பஞ்ச மாதங்களில் அதே பயறு சில ஆண்டுகளில் இரட்டை விலைக்குக் கூடப் போகும். அதுவரை வைத்திருக்க முடிந்தவருக்கு லாபம். வைத்திருக்க விடாதது பயறு வண்டு.

இந்த வண்டு வயலிலேயே முட்டையிட்டுவிடுகிறது. காய்ந்த பயறோடு வீட்டுக்கு வந்து, மணியின் உள்ளே குடைந்து வளர்ந்து, வட்டமாகத் துளையிட்டு வெளியே வரும். வந்ததும் இணைசேர்ந்து பக்கத்து மணிகளில் முட்டையிடும். சகாராவின் தென்விளிம்பு வறள்நிலமான சாகேலின் வெயிலில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். அறுவடையின்போது நூறு மணியில் ஒன்றிரண்டில் இருப்பது, பொங்கல் தாண்டுவதற்குள் மூட்டை முழுவதும் பரவியிருக்கும். ஆகவே உழவர் அடிமாட்டு விலைக்கு விற்கிறார், அல்லது மருந்து போடுகிறார். அந்த மருந்துகளில் சாப்பாட்டில் சேரவே கூடாதவையும் உண்டு. நைஜீரியாவிலிருந்து போன காய்ந்த பயறில் டைகுளோர்வாஸ் என்னும் பூச்சிமருந்தின் எச்சம் அளவு மீறியிருந்ததால் 2015 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் இறக்குமதியை நிறுத்தியது. அந்தத் தடை பிறகு பல முறை நீட்டிக்கப்பட்டது.

மூன்றடுக்குப் பையின் வேலை எளிது. உள்ளே இரண்டு உறைகள், ஒவ்வொன்றும் 80 மைக்ரான் தடிமனுள்ள அடர் பாலிதீன். வெளியே நெய்த பிளாஸ்டிக் சாக்கு. காற்றுப் புகாமல் கட்டிவிட்டால் உள்ளிருக்கும் வண்டுகளும் புழுக்களுமே மிச்சமுள்ள ஆக்சிஜனைச் சில நாட்களில் தீர்த்துவிடுகின்றன. அவை மூச்சு முட்டிச் சாவதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் லாரி முர்டாக்கும் அவர் குழுவும் 2012-இல் வெளியிட்ட விளக்கம் வேறு: அவை தாகத்தால் சாகின்றன. காய்ந்த மணிக்குள் வாழும் புழுவுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது; தன் உடலில் உணவை எரித்துத்தான் நீரை உண்டாக்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் எரிப்பு இல்லை, எரிப்பு இல்லாவிட்டால் நீர் இல்லை.

இருபது ஆண்டு எங்கே போனது?

இந்தப் பை புதிய கண்டுபிடிப்பு என்று பலர் எழுதுகிறார்கள். முர்டாக் குழு கேமரூனின் வடக்கே, அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து இதை உருவாக்கியது 1980-களின் பிற்பகுதியில். பணம் தந்தது அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமை. அதே திட்டத்தில் சாம்பலோடு கலந்து வைக்கும் முறையையும், பிளாஸ்டிக் விரிப்பில் வெயிலில் சூடேற்றி வண்டைக் கொல்லும் முறையையும் மெருகேற்றினார்கள். செனகலில் காற்றுப் புகாத சேமிப்புக்கு இரும்புப் பீப்பாய் வழியாயிற்று. பழைய பீப்பாய்கள் அங்கே தாராளமாகக் கிடைத்ததால் நன்றாகவே பரவியது.

மூன்றடுக்கு முறை அவ்வளவு பரவவில்லை. கற்றுக்கொடுத்தார்கள், கையேடு அச்சடித்தார்கள். போதுமான தடிமனுள்ள, துளையில்லாத, நூறு கிலோ தாங்கும் உறை கிராமச் சந்தையில் கிடைக்கவில்லை. கிடைத்த மெல்லிய பிளாஸ்டிக்கை வைத்துக் கட்டியவர்களின் பயறு கெட்டது. பழி முறையின்மீது விழுந்தது. பீப்பாய் வென்றதற்கும் உறை தோற்றதற்கும் அறிவியலில் காரணம் தேடிப் பயனில்லை. ஒன்று சந்தையில் கிடந்தது, மற்றது கிடக்கவில்லை.

2007-இல் பில் – மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை 1 கோடியே 14 லட்சம் டாலர் தந்தபோது பர்டூ குழு இந்தப் பாடத்தை மறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பிக்ஸ் என்று சுருக்கமாக அறியப்பட்ட அந்தத் திட்டம், ஊர்தோறும் பையைக் காட்டியது மட்டுமல்லாமல் ஆலைகளையும் தேடிப் போனது. நைஜீரியாவின் கானோ நகரில் லேலா அக்ரோ, புர்கினா ஃபாசோவில் ஃபாசோபிளாஸ்ட் என்று, ஏற்கெனவே சாக்கு நெய்துகொண்டிருந்தவர்களிடம் மூன்றடுக்குப் பையைச் செய்யச் சொன்னார்கள். நைஜரின் தெற்குச் சந்தைகளுக்குக் கானோதான் அண்டை. எல்லைக்கு இருபுறமும் ஒரே ஹவுசா மொழி, ஒரே வியாபாரக் குடும்பங்கள். பைக்கு விலை உண்டு, உழவர் காசு கொடுத்தே வாங்க வேண்டும், தனியார் வியாபாரியே விற்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள். நூறு கிலோப் பை, நைஜரில் புழங்கும் நாணயமான சி.எஃப்.ஏ. ஃபிராங்கில் ஆயிரம் அளவில் விற்றது. அன்றைய கணக்கில் இரண்டு டாலரைச் சற்றே தாண்டும். விளம்பரத்துக்கு வானொலி, கைப்பேசி வைத்திருந்தவர்களுக்குப் புளூடூத் வழியே கைமாறும் சிறு காணொளி.

தொடக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் திட்டம் போன நாடுகளில் பெரும்பாலும் ஒரே முனகல் கேட்டது: பை நல்ல பை, ஆனால் வேண்டும்போது கிடைப்பதில்லை.

கடைக்காரரின் கணக்கு

இதைப் பற்றிய அறிக்கைகளில் உழவர்தான் மையத்தில் இருப்பார். அவர் ஏற்றுக்கொண்டாரா, எத்தனை பை வாங்கினார், எவ்வளவு மிச்சப்படுத்தினார் என்று பக்கம் பக்கமாகப் போகும். கடைக்காரர் ஒரு வரியில் வந்து போவார். என் பார்வையில் இந்தக் கதையின் சிக்கல் முழுவதும் அந்தக் கடைக்காரரின் கல்லாவில் இருக்கிறது. ஆகவே அவர் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொள்பவை; கணக்கின் போக்கு உண்மையானது.

ஒரு சிற்றூர்ச் சந்தையில் சர்க்கரை, தேயிலை, சோப்பு, விதை, உரம் விற்கும் ஒருவர் 200 பை எடுக்கிறார். ஒன்று 900 ஃபிராங்க், விற்பது 1,000. முதல் போட்டது 1,80,000. அக்டோபர் முடிவதற்குள் 120 பை விற்கிறது. பைக்கு நூறு ஃபிராங்க் வீதம் 12,000 லாபம் என்று அறிக்கையில் எழுதலாம். அவர் கையில் வந்தது 1,20,000. போட்ட முதலில் 60,000 இன்னும் வெளியே நிற்கிறது. அது கடை மூலையில் 80 பைகளாக, எலிக்கு எட்டும் உயரத்தில், அடுத்த அறுவடை வரை அடுக்கிக் கிடக்கும். அதே அறுபதாயிரத்தைச் சர்க்கரையில் போட்டிருந்தால் வாரத்துக்கு ஒரு முறை திரும்பி வந்திருக்கும்.

விதைக்கும் உரத்துக்கும் இதே பருவச் சிக்கல் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் உரம் மண்ணில் கரைந்து போகிறது. அடுத்த ஆண்டு மறுபடியும் வாங்கியாக வேண்டும். பை அப்படியில்லை. பார்த்துப் பயன்படுத்தினால் இரண்டு, மூன்று பருவம் வரும். உழவருக்கு அதுதான் அழகு; ஒரு பருவத்துக்கான செலவு மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. கடைக்காரருக்கோ, முதல் ஆண்டு 120 வாங்கிய ஊர் மறு ஆண்டு 40 வாங்குகிறது. ஏன் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ‘சரக்கு செத்துவிட்டது’ என்று முடிவுகட்டி அடுத்த ஆண்டு எடுப்பதை நிறுத்திவிடுகிறார். மூன்றாம் ஆண்டு பழைய பைகள் கிழிந்து, முதல் ஆண்டு வாங்கியவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கடைக்கு வருகிறார்கள். கடையில் போதுமான பை இல்லை.

நல்ல பொருள் தன் வியாபாரியைத் தானே பட்டினி போடுகிறது. சிறிய ஊர்ச் சந்தையில் இதற்கு மாற்று இல்லை. பெரிய நகரத்தில்தான் புதுப் புது வாங்குவோர் வந்து இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வார்கள்.

வண்டுமருந்தோடு ஒப்பிட்டால் பையின் நிலை இன்னும் மோசம். மருந்துப் பொட்டலம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆண்டு முழுவதும் விற்கும். அலமாரியில் ஒரு சாண் இடம் போதும். வாங்குபவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. பையை விற்பவரோ ஒவ்வொருவரிடமும் நின்று பேச வேண்டும்: நன்றாகக் காய வையுங்கள், காய்ந்ததா என்று பார்க்கக் காய்ந்த உப்போடு போத்தலில் போட்டுக் குலுக்குங்கள், உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது, காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள், வாயை முறுக்கி வளைத்துக் கட்டுங்கள், ஒரு மாதமாவது திறக்காதீர்கள். நூறு ஃபிராங்க் லாபத்துக்கு இவ்வளவு பேச்சு. மருந்து விற்பவர் பேசாமலே காசு வாங்குகிறார்.

இதில் உழவரின் நேரமும் கூடி வராது. பை வேண்டியது கதிரடித்த மறுநாள். அன்று அவர் கையில் பயறு இருக்கும், பணம் இருக்காது. விதைப்புக் காலக் கடனைக் கேட்டு ஆள் வாசலில் நிற்கும். பயறை விற்றால் காசு வரும், ஆனால் விற்றுவிட்டால் பை எதற்கு? வாரச் சந்தையில் சில தியாக்களை அளந்து விற்று இரண்டு பை வாங்குவார். தியா என்பது அங்கே தானியம் அளக்கும் கிண்ணம்; நம் படியைப் போல. மற்ற மூட்டைகள் சாதாரணச் சாக்கிலேயே நிற்கும். ஒரு பையின் விலை சாதாரணச் சாக்கின் விலையைப் போலச் சில மடங்கு என்பதும் அவருக்கு உறுத்தும், மூன்று பருவக் கணக்கைச் சொன்னால்கூட.

ஆலையின் கணக்கு

இங்கே சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சாக்கு ஆலையின் நிரந்தர வாடிக்கையாளர்கள் சிமென்ட், உரம், மாவு, அரிசிக்காரர்கள். அவர்கள் லட்சக்கணக்கில் எடுப்பார்கள், மாதாமாதம் எடுப்பார்கள். மூன்றடுக்குப் பைக்கு ஆலை எந்திரத்தை நிறுத்தி, வேறு அகலத்துக்கும் தடிமனுக்கும் மாற்றி, பாலிதீன் உறை ஊதி, மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துக் கட்ட வேண்டும். ஒருசில ஆயிரம் பைக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். குறைந்தபட்சம் இவ்வளவு என்று கேட்பார்கள், முன்பணமும் கேட்பார்கள். அந்தக் குறைந்தபட்சத்தைத் தனியாகத் தாங்கும் மொத்த வியாபாரி நாட்டுக்கு ஒருவரோ இருவரோதான் கிடைக்கிறார். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு நாட்டின் பை வரத்தே படுத்துவிடுகிறது.

தடிமன் பற்றிய ஒரு சொல். 80 மைக்ரான் உறையை 50 மைக்ரானாக ஊதினால் பிளாஸ்டிக் மிச்சம், விலை குறையும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காற்று கசிந்து பயறு கெட்டது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் விற்றவர் வேறு ஊர் போயிருப்பார். பெயரைப் பதிந்து, உரிமம் பெற்ற ஆலை மட்டுமே பிக்ஸ் முத்திரையைப் போடலாம் என்று பர்டூ வைத்திருப்பது இதற்காகத்தான். உரிமம் ஆலையைக் கட்டுப்படுத்தும். சந்தையில் கள்ள முத்திரையோடு வரும் மூட்டையை அது தடுக்காது. அதைப் பிடிக்கத் தெரிந்தவர் விரல் நுனியால் பிளாஸ்டிக்கை உருட்டிப் பார்த்தே தடிமன் சொல்லும் பழைய வியாபாரிதான்.

விலையில் ஆலைக்கும் பிடி இல்லை. பைக்கு மூலப்பொருளான பிளாஸ்டிக் மணியின் விலை டாலரோடு கட்டப்பட்டது. 2023 ஜூனில் நைஜீரியா தன் நைராவை மிதக்க விட்டபோது டாலருக்கு 460 நைரா இருந்தது 750-ஐத் தாண்டியது. மறு ஆண்டு பிப்ரவரியில் 1,500-ஐயும் தாண்டியது. ஜூனில் முன்பணம் வாங்கிக்கொண்டு செப்டம்பரில் சரக்கு தருவதாக ஒப்புக்கொண்ட எந்த ஆலைக்கும் அது கெட்ட கனவாகத்தான் இருந்திருக்கும்.

இலவசம் என்னும் இடி

சரக்கு முடங்கிய கடைக்காரர் இன்னொரு பருவம் பொறுத்துப் பார்ப்பார். பக்கத்துக் கிராமத்தில் லாரி வந்து நிற்கும்போதுதான் அவர் கை கழுவுகிறார். வறட்சி ஆண்டிலோ, திட்டத்தின் கடைசி ஆண்டில் பணத்தைச் செலவழித்தாக வேண்டிய அவசரத்திலோ, உதவி அமைப்புகளும் அரசுத் துறைகளும் ஆலையிலிருந்து நேராக மொத்தமாக எடுத்து இலவசமாகவோ அரை விலைக்கோ கொடுப்பது பல நாடுகளில் வழக்கம். ஆலைக்குக் கொண்டாட்டம், ஒரே கொள்முதலில் ஆண்டு முழுவதற்கும் வேலை. உழவருக்கும் நல்லதே. 80 பையை மூலையில் வைத்துக் காத்திருந்தவரின் நிலையை யாரும் கேட்பதில்லை. மறு ஆண்டு உதவி வராது. அவரும் எடுக்க மாட்டார். ஊரில் பை என்ற பேச்சே அடங்கிவிடும்.

இதைச் சொல்பவர்கள் உடனே ‘இலவசமே கூடாது’ என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள். உகாண்டாவில் நடந்த ஒரு சோதனை அந்த முடிவை அவ்வளவு எளிதாக விட்டுவைக்கவில்லை. ஒமோட்டிலேவா, ரிக்கர்-கில்பர்ட், ஐனெம்பபாஸி ஆகியோர் மக்காச்சோளம் விளைவிக்கும் ஏறத்தாழ 1,200 குடும்பங்களிடையே நடத்தியது அது. குலுக்கலில் தேர்ந்த ஒரு பகுதிக்குக் குடும்பத்துக்கு ஒரே ஒரு பை இலவசமாகக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு இல்லை. பிறகு கடை விலையில் யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தபோது, இலவசம் பெற்றவர்களே அதிகம் வாங்கினார்கள். ‘மறுபடியும் கொடுப்பார்கள்’ என்று காத்திருப்பார்கள் என்ற அச்சம் அங்கே பொய்த்தது. இதே குழு செய்த இன்னொரு ஆய்வில், பை கிடைத்த குடும்பங்கள் வீரிய மக்காச்சோள விதைக்கு மாறும் வாய்ப்பும் கூடியிருந்தது. வீரிய ரகத்தின் மணி மென்மையானது, வண்டுக்கு எளிய இரை. வைத்துக்கொள்ள வழி இருந்தால்தான் விதைக்கத் துணிவு வரும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. நூறு கிலோ மக்காச்சோளமோ பயறோ நம்பி ஒப்படைக்க வேண்டிய பொருளை ஒரு முறை சொந்த வீட்டில், சொந்தத் தானியத்தில் பார்த்துவிட்டால் போதும். அதற்கு ஒரு பை இலவசமாகத் தருவது விளம்பரச் செலவு. வீட்டுத் தேவை முழுவதையும் இலவசமாக நிரப்புவது கடையைப் பூட்டும் வேலை. ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவே எங்கே கோடு என்று எந்த ஆய்வும் அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஊர்க் கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். அந்த ஒரு பையையும் லாரியிலிருந்து தராமல், ‘இந்தச் சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று கொடுத்தால் அவர் கல்லாவிலும் காசு விழும்.

எல்லை அடைபட்ட ஆண்டுகள்

கானோ அண்டை என்றேன். அண்டை வீட்டார் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதையும் நைஜர் பார்த்துவிட்டது. 2019 ஆகஸ்டில் நைஜீரியா கடத்தலைத் தடுப்பதாகச் சொல்லித் தன் தரை எல்லைகளைச் சரக்குப் போக்குவரத்துக்கு அடைத்தது. திறக்கத் தொடங்கியது 2020 டிசம்பரில். இரண்டு அறுவடைகள் அதற்குள் போயின. 2023 ஜூலை 26-இல் நைஜரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு தடை விதித்தது, எல்லை மறுபடியும் மூடியது. தடை 2024 பிப்ரவரியில் விலக, நைஜீரியா மார்ச்சில் எல்லையைத் திறந்தது. பெனின் பக்கத்து எல்லையை நைஜர் அதன் பிறகும் மூடியே வைத்திருந்தது.

அடைப்பு தொடங்கிய மாதங்களைக் கவனியுங்கள்: ஒரு முறை ஆகஸ்ட், ஒரு முறை ஜூலைக் கடைசி. செப்டம்பர் இறுதியில் கிராமச் சந்தையில் இருக்க வேண்டிய பை எல்லை தாண்டும் மாதங்கள் அவைதான். சர்க்கரைக்கு ஒரு மாதம் தாமதம் என்றால் விலை ஏறும், அவ்வளவே. பைக்கு ஒரு மாதம் தாமதம் என்றால் ஓர் ஆண்டு தாமதம். எல்லை அடைபட்டாலும் கழுதையிலும் மோட்டார் சைக்கிளிலும் சரக்கு வரும்தான். ஹவுசா வியாபாரிகளுக்கு அந்தக் கலை தலைமுறை வழக்கம். பெட்ரோலுக்கும் அரிசிக்கும் அந்த ஆபத்தை எடுப்பார்கள். நூறு ஃபிராங்க் லாபம் தரும் பாலிதீனுக்கு எடுப்பார்களா?

உள்நாட்டிலேயே ஆலை என்பது எல்லோரும் சொல்லும் மருந்து. ஓரிரு மாதமே விற்கும் ஒரு பொருளுக்காக நைஜர் அளவுள்ள சந்தையில் தனி ஆலை நிற்காது. சிமென்ட்டுக்கும் உரத்துக்கும் சாக்கு நெய்யும் ஆலை வந்தால் அதன் ஓரத்தில் இது ஒண்டிக்கொள்ளலாம். அதுவரை செய்யக்கூடியது, பையை ஜூனுக்கு முன்பே எல்லைக்கு இப்பக்கம் கொண்டுவந்து வைப்பது. அப்படியானால் மூன்று மாதம் கூடுதலாக ஒருவர் முதலை முடக்க வேண்டும். யார்?

உதவி அமைப்புகள் என்று இனி எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1980-களில் இந்தப் பைக்கான முதல் பணத்தைத் தந்த அமெரிக்க முகமையே 2025-இல் கலைக்கப்பட்டுவிட்டது.

பூட்டு இரண்டு, சாவி இரண்டு

நைஜரில் 1999-இலிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் திட்டம் ஒன்று அறிமுகப்படுத்தியது, பெயர் வாரண்டாஜ். உழவர் குழு தன் தானியத்தை ஒரு பொதுக் கிடங்கில் வைக்கிறது. கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி குழுவிடம், மற்றது கடன் தரும் சிறுகடன் அமைப்பிடம். அறுவடை விலையில் மதிப்பிட்டு, அதற்குச் சற்றுக் குறைவாகக் கடன் கிடைக்கும். கடன் ஆள் வாசலில் நிற்கும் அந்த வாரத்தில் கையில் காசு. விலை ஏறியபின் விற்று, கடனைத் தீர்த்து, மிச்சத்தை எடுத்துக்கொள்வார்கள்.

பை வியாபாரத்தை இந்தக் கிடங்கோடு முடிச்சுப் போட வேண்டும் என்பது என் வாதம். கடன் கொடுப்பவருக்கு வண்டு ஒரு கவலை. அடகாக வந்த பயறு ஓட்டையானால் அவர் பணத்துக்கும் ஓட்டை. மூன்றடுக்குப் பையில் வைத்த பயறுக்கே கடன் என்று அவர் சொல்லலாம். பையின் விலையைக் கடனிலேயே சேர்த்துவிடலாம். அப்போது காசில்லாத வாரத்தில் உழவர் பைக்காகப் பயறை அளந்து விற்க வேண்டியதில்லை. கடைக்காரருக்கும் ஐம்பது வீட்டுக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒரே கதவில் நூறு பை போகிறது.

இதைவிடப் பெரிய ஆதாயம், எண்ணிக்கை முன்கூட்டியே தெரிவது. விற்பனைக்காகக் கிடங்கைத் திறக்கும் நாளில் காலியான பைகள் அனைத்தும் ஒரே முற்றத்தில் கிடக்கின்றன. ஒவ்வோர் உறையிலும் காற்றைப் பிடித்து வாயைக் கையால் இறுக்கி அழுத்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் காற்று சீறும். கன்னத்தருகே வைத்தால் தெரியும். வெயிலுக்கு நேரே விரித்துப் பார்த்தாலும் ஊசிமுனைத் துளைகூடப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். இரண்டு உறையும் நல்லது ஒரு குவியல், ஒன்று கிழிந்தது ஒரு குவியல், எலி கடித்தது ஒரு குவியல். மூன்றையும் எண்ணி முடிக்க ஒரு காலைப்பொழுது போதும். வரும் செப்டம்பருக்கு எத்தனை பை வேண்டும் என்ற எண் அப்போதே, முதல் மழைக்கு முன்பே, மொத்த வியாபாரி கானோவுக்கு முன்பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் கையில் இருக்கும். நான்கு கிடங்கு சேர்ந்தால் ஒரு கடைக்காரருக்கு அது போதுமான சரக்கு. கிழிந்தவற்றில் பாதிக்கு வெளிச்சாக்கு நன்றாகவே இருக்கும். உறையை மட்டும் தனியாக விற்றால் விலையும் குறையும், லாரியில் இடமும் குறையும்.